ஆடுதானே என்று ஏறினவர்கள்!

ரமணாசிரமத்துக்குள் ஒரு மானுக்குச் சமாதி இருக்கிறது. பெயர் வள்ளி. பக்கத்திலேயே பசு லட்சுமி, ஒரு காகம், நாய் ஜாக்கி. கும்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறுகிற ஆபீஸ்காரர்களைக் கவனியுங்கள். கல் பாவிய நல்ல பாதைதான். ஆனாலும் பத்தே நிமிஷத்தில், "கொஞ்சம் வியூ பார்க்கலாம் சார்" என்று பாறையில் உட்கார்ந்துவிடுவார்கள். வியூவாவது ஒன்றாவது, வாங்குவது மூச்சு!

இந்த மலை 2,668 அடி. இதைப்போல மூன்று மடங்கு உயரம், வெயிலுக்குப் பதில் எலும்பைக் குடைகிற குளிர், தோளில் கனத்த ரைபிள், பாதை என்று எதுவும் கிடையாது... கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். நீலகிரியில் வெள்ளைக்கார துரைமார்கள் வரையாடு சுடப் போனது அப்படித்தான்.

'ப்பூ, ஆடுதானே?' என்று நினைக்காதீர்கள். வரை என்றால் மலை. செங்குத்துப் பாறையில், நமக்குக் கால் வைக்கவே இடமில்லாத விளிம்பில், சாவகாசமாக அசைபோடும் ஜாதி. சங்க இலக்கியத்தில் வரும் வருடை இதுதான். வளர்ந்த கடா சுமார் நூறு கிலோ இருக்கும். வயசாக ஆக அதன் முதுகில் வெள்ளி நிறத்தில் சேணம் போட்ட மாதிரி ஒரு பட்டை விழும். துரைமார்களுக்கு அந்தச் 'சேண முதுகு'க் கடாதான் வேண்டும்.

முக்கூர்த்தி சிகரம் 8,380 அடி. அதன் மேற்கு விளிம்பில் நின்றால் ஆயிரக்கணக்கான அடி கீழே கேரளம். ஆடு மேயும் இடமும் அந்த விளிம்புதான். அதற்குக் கண் பயங்கரக் கூர்மை. ஆனால் ஒரு பலவீனம்: ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்று கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே வேட்டைக்காரர் சுற்றுவழியாக அதற்கும் மேலே ஏறியாக வேண்டும். ஏறி, ஈரப்புல்லில் வயிற்றால் ஊர்ந்து வருவார். காற்று திசை மாறினால் மனித வாடை போய்விடும், மந்தை மாயம். காற்று சாதகமாக இருந்தால் மூடுபனி வந்து, நீட்டிய கை தெரியாது. குளிரில் மரத்துப்போன விரலை வைத்துக்கொண்டு பனி விலகும்வரை அசையாமல் கிடக்க வேண்டியதுதான். எல்லாம் கூடி வந்து சுட்டாலும், அடிபட்ட ஆடு உருண்டு பள்ளத்தில் விழுந்துவிட்டால்? வெறுங்கையோடு திரும்பி நடக்க வேண்டும். ஓர் உயிர் போனதுதான் மிச்சம்.

சுட்டுச் சுட்டு ஆடு அருகிப்போனதும் துரைமார்களுக்கே கவலை வந்துவிட்டது. 1877-ல் சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டம் வந்தது. லைசென்ஸ் கட்டாயம், பெட்டையையும் குட்டியையும் தொடக்கூடாது. (கருணை என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷமும் சுட ஆடு வேண்டுமே!) முழுத் தடை 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் வந்தது.

குன்னூரில் டேவிதார் என்று ஒரு வக்கீல். அவரும் வேட்டைக்காரராக இருந்தவர். துப்பாக்கியை வைத்துவிட்டு, அதே காற்றிலும் பனியிலும் அதே பாறைகளில் ஏறினார், ஆட்டை எண்ணுவதற்கு! 1975-ல் தொடங்கி இரண்டு மாநில மலைகளையும் அலசி அவர் போட்ட கணக்கு சுமார் 2,200. அவர் நினைவாகத்தான் இப்போது அக்டோபர் 7 தமிழ்நாட்டில் வரையாடு தினம். 2025-ல் தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்து எண்ணியபோது கிடைத்த தொகை என்ன தெரியுமா? 2,668! அண்ணாமலையார் மலையின் அடிக்கணக்கேதான். தற்செயல்தான், ஆனாலும் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பார்க்க ஆசையா? மூணாறு பக்கம் இரவிகுளம் போங்கள். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து துரைமார்கள் வேட்டையாடிய இடம். இப்போது ரோட்டோரத்திலேயே வந்து நின்று உங்களை வேடிக்கை பார்க்கும். பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் போகாதீர்கள். குட்டி போடும் சமயம், கேட்டைப் பூட்டியிருப்பார்கள்.