தோல் வழி – 11: அடியைத் திருப்பிப் பாருங்கள்

போன வாரம் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளோடு நிறுத்தியிருந்தோம். அப்படிப் பதனிட்டு மெட்ராஸில் கப்பலேறிய மாட்டுத்தோல், முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் ஆனது. அந்த பூட்ஸைத் தைத்துக் குவித்த ஊர்களில் முக்கியமானது இங்கிலாந்தின் நார்தாம்ப்டன். நல்ல ஷூ என்று பேச்செடுத்தால் விவரம் தெரிந்தவர்கள் இன்றும் அந்த ஊரைத்தான் முதலில் சொல்வார்கள். சர்ச்ஸ் (1873), க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் (1879), எட்வர்ட் க்ரீன் (1890) எல்லாம் அங்கே பிறந்த பெயர்கள். ஒரு ஜோடி நம் காசில் அரை லட்சத்தைத் தாண்டும். அப்படி என்ன இருக்கிறது அதில்?

கடையில் எல்லோரும் ஷூவின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். விஷயம் அடியில் இருக்கிறது.

மேல்தோலையும் சோலையும் எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் ஷூவின் ஆயுள். பசையால் ஒட்டியது ஒரு வகை. நாம் வாங்குவதில் பெரும்பாலும் இதுதான். சோல் தேய்ந்தால் ஷூவும் போயிற்று. உள்ளிருந்து சோல்வரை ஒரே தையலாக இறக்குவது இன்னொரு வகை. 1858-இல் லைமன் பிளேக் காப்புரிமை வாங்கிய இயந்திரத்தால் பரவியது. இத்தாலிக்காரர்களுக்குப் பிரியமானது, மெலிசாக, அழகாக இருக்கும். ஆனால் தையல் நேரே உள்ளே போவதால் மழைத்தண்ணீரும் அதே வழியில் ஏறும். மூன்றாவதுதான் வெல்ட்.

வெல்ட் என்பது ஷூவைச் சுற்றி ஓடும் ஒரு தோல் வார். கையால் வெல்ட் போடும் ஆளின் மடியில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கால் வடிவத்தில் கடைந்த மரக்கட்டையின் அடியில் தடித்த உள்சோலை ஆணியடித்து நிறுத்துகிறார். அதன் ஓரத்தை ஒட்டிக் கத்தியால் செதுக்கி, ஒரு மெல்லிய வரப்பை எழுப்புகிறார். மேல்தோலை இழுத்து, கட்டையோடு இறுக்குகிறார். பிறகு வளைந்த குத்தூசியால் ஒரே குத்தில் வரப்பு, லைனிங், மேல்தோல், வார் நான்கையும் துளைக்கிறார். மெழுகும் கீலும் தேய்த்த சணல் நூலின் இரு முனைகளும் அந்த ஒரே துளைக்குள் எதிரெதிராகப் புகுந்து வெளியே வருகின்றன. முனைகளில் ஊசி கிடையாது, பன்றி மயிர் முறுக்கியிருக்கும். இரு கையாலும் நூலை வெடுக்கென்று இழுத்து இறுக்கிவிட்டு அடுத்த துளைக்குப் போகிறார். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் அவிழாது. நடுவில் உள்ள பள்ளத்தைத் தக்கையால் நிரப்பி, அதன் மேல் சோலை வைத்து, சோலை வாரோடு மட்டும் தைக்கிறார்கள். சூட்சுமம் இதில்தான். சோல் தேய்ந்ததும் அந்த வெளித்தையலைப் பிரித்துப் புது சோல் தைக்கலாம். மேல்தோலில் கை வைக்க வேண்டியதே இல்லை.

நார்தாம்ப்டன் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் வெல்ட் போடுவது இயந்திரம். ரப்பரை வல்கனைஸ் செய்த குட்இயரின் மகன் சார்லஸ் குட்இயர் ஜூனியர் 1870-களில் பரப்பிய முறை அது. (டயர் கம்பெனிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. பெயரை மட்டும் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.) இயந்திர முறையில் வரப்பைச் செதுக்குவதற்குப் பதிலாகத் துணிப்பட்டை ஒன்றை உள்சோலில் ஒட்டிவிடுகிறார்கள். எப்போதாவது அந்தப் பசை விட்டுப்போகலாம். கைவெல்ட்டில் அந்தப் பயம் இல்லை. ஆகவே ‘ஹேண்ட்மேட்’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்காமல், ‘வெல்ட் கையா, மிஷினா?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் அந்த விலை கொடுக்க வேண்டாம். மிஷின் வெல்ட் மட்டம் என்று நான் சொல்லவில்லை. தினமும் ஆபீஸ் போகிறவருக்கு அதுவே தாராளம், நம்மூரிலேயே அதைச் செய்கிற தொழிற்சாலைகள் உண்டு. மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. ஒட்டிய சோலின் மேல் அழகுக்காகத் தையல் போட்ட பிளாஸ்டிக் பட்டையை வைத்து வெல்ட் என்று விற்பார்கள். மேலே தையல் இருந்து, அடியில் தையலோ அதை மூடிய கீறலோ இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

தோலையும் மடக்கிப் பாருங்கள். நல்ல கன்றுத்தோலில் நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து மறையும், உற்றுப் பார்த்தால் மயிர்க்கால் தெரியும். கண்ணாடி மாதிரி ஒரே சீராகப் பளபளத்தால், தழும்புள்ள தோலைத் தேய்த்து மேலே பெயின்ட் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாளடைவில் அது சுருங்காது, வெடிக்கும்.

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள். நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. ‘போகப்போகச் சரியாயிடும் சார்’ என்பதில் பாதிதான் உண்மை. அகலம் கொஞ்சம் இளகும், நீளம் இளகவே இளகாது. லேஸ் கட்டியதும் இரு பக்கமும் முழுக்க ஒட்டிக்கொண்டால் அந்த அளவு பெரிது. உள்ளே தக்கை அமுங்கி, கால் இறங்க இறங்க ஷூ இன்னும் தளரும்.

பராமரிப்பில் நம் ஆட்கள் செய்யும் தவறு, குறைவாகச் செய்வதல்ல, அளவுக்கு மீறிச் செய்வது. வாரம் தவறாமல் டப்பா பாலிஷை அப்பி அப்பி, தோலின் மேல் மெழுகு ஓடு கட்டிவிடும். மடிப்பில் அது வெடித்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விடும். (அந்தக் கிவி டப்பா 1906-இல் மெல்போர்னில் பிறந்தது. வில்லியம் ராம்சே தன் மனைவியின் நியூசிலாந்தை நினைத்து வைத்த பெயர்.) தினம் வேண்டியது குதிரைமயிர் பிரஷ்ஷால் நாலு இழுப்பு, அவ்வளவுதான். தோல் வறண்டு தெரியும்போது மட்டும் க்ரீம், அதுவும் ஒரு காலுக்கு ஒரு சுண்டைக்காய் அளவு. மெழுகு பாலிஷ் மடங்காத மூக்குக்கும் குதிக்கும் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம்விடப் பெரியது ஓய்வு. பகலெல்லாம் குடித்த வியர்வை காய ஒரு நாளாவது வேண்டும். ஒரே ஜோடியைத் தினமும் போடுவதைவிட இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும். கழற்றியதும் உள்ளே மரக்கட்டை, இல்லாவிட்டால் கசக்கிய பேப்பர் திணியுங்கள். நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். நிழலில், பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாலிதீன் பையில் கட்டிப் பீரோவில் வைத்தால் பூஞ்சை நிச்சயம். துணிப்பை போதும். சென்னை மழைக்குத் தோல் சோல் சரிவராது என்பது என் கட்சி. வெல்ட் வைத்த ரப்பர் சோலே வாங்குங்கள்.

குதி ரப்பர் தேய்ந்து, மேலுள்ள தோல் அடுக்கைத் தொடும் முன்பே மாற்றிவிட வேண்டும். சோலின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறதா, மாற்றும் காலம் வந்துவிட்டது. ஓட்டை விழும்வரை காத்திருந்தால் தக்கையும் வாரும் சேர்ந்து போகும். ஆனால் வாரைக் கெடுக்காமல் பழைய தையலைப் பிரித்து, புது சோல் தைத்துத் தரும் ஆள் வேண்டுமே? பலரும் பசை போட்டு ஒட்டி, சுற்றி ஆணி அடித்துத் தந்துவிடுகிறார்கள். உங்கள் ஊரில் இந்த வேலை தெரிந்த கடை இருந்தால், கடைக்காரரின் சம்மதத்தோடு ஊரும் தெருவும் எழுதி அனுப்புங்கள். தொடரின் கடைசி வாரத்தில் அந்தப் பட்டியலை வெளியிடுகிறோம்.

(தொடரும்)