சுளுக்கு யாரால் குணமானது?

மாலை நேரம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள திடலில் கபடி ஆட்டம். பாடிச் சென்ற இளைஞர் ஒருவர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டு வேகமாகத் திரும்பினார். நடுக்கோட்டுக்கு அருகில் அவருடைய வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. “ஐயோ” என்று உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரத்தில் கணுக்கால் வீங்கிவிட்டது.

அவர் கட்டட வேலைக்குப் போகிறவர். மறுநாள் சாரத்தில் ஏற வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை.

கூட்டம் கூடியது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

“எண்ணெய் போட்டு அழுத்தி வழித்தால் சரியாகிவிடும் தம்பி” என்றார் ஒரு பெரியவர்.

“இரட்டைப் பிள்ளை பெற்றவர் கையால் நீவினால் சுளுக்கு ஓடிவிடும்” என்றார் ஓர் அம்மா.

“கட்டுப் போடுகிறவரிடம் போகலாம் அண்ணே” என்றார் உடன் ஆடிய பையன்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும்” என்றார் இன்னொருவர்.

வலி ஒரு பக்கம். கூலி போகும் கவலை ஒரு பக்கம். யார் சொல்வதைக் கேட்பது என்ற குழப்பம் இன்னொரு பக்கம். இது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

உள்ளே என்ன நடந்தது?

மூட்டில் ஓர் எலும்பை இன்னோர் எலும்போடு சேர்த்துப் பிடிக்க உறுதியான நார்கள் இருக்கின்றன. பாதம் சட்டென்று மடங்கும்போது இந்த நார் அளவுக்கு மீறி இழுபடுகிறது. சில இழைகள் அறுந்தும் போகலாம். இதுதான் சுளுக்கு. கணுக்காலில் பெரும்பாலும் வெளிப்பக்க நாரே அடிபடுகிறது.

அடிபட்ட இடத்தில் சிறிய ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. அதனால் வீக்கம் வருகிறது. தோல் கன்றி நீலமாகிறது. அந்த நேரத்தில் அழுத்தி வழித்தால் ரத்தக் கசிவும் வீக்கமும் கூடலாம். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அது மேலும் விலகலாம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வழிப்பதும் வேண்டாம், சூடு வைப்பதும் வேண்டாம்.

சுளுக்கா, முறிவா?

1992-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை முறையை வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் மருத்துவர்கள் இதைப் பின்பற்றுகிறார்கள்.

கணுக்காலின் இரு பக்கமும் எலும்பு புடைத்திருக்கும். அதன் பின் ஓரத்தையும் நுனியையும் விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். பாதத்தின் வெளி ஓரத்தில், நடுப்பகுதியில் ஒரு எலும்பு முண்டு இருக்கும். உள் ஓரத்தில், கணுக்காலுக்குச் சற்று முன்னால் இன்னொரு முண்டு இருக்கும். அவற்றையும் அழுத்துகிறார்கள். இந்த இடங்களில் எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே தேவை. அடிபட்டவரால் நொண்டியாவது நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே தேவை. இரண்டும் இல்லை என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சிறு குழந்தைகளுக்கும், மது அருந்தியவர்களுக்கும், நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. அவர்களை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால் கோணலாகத் தெரிந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

யாருக்குப் பெயர்?

பெரும்பாலான சுளுக்கு தானாகவே ஆறிவிடும். லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறும். நார் அதிகம் அறுந்திருந்தால் பல வாரங்கள், சில நேரம் சில மாதங்கள்கூட ஆகும். இணைப்பு நாரை உடலே மெல்லச் சரிசெய்கிறது.

முதல் இரண்டு நாள் வலி கடுமையாக இருக்கும். அப்போது மனிதர் வைத்தியம் தேடி அலைவார். வலி குறையத் தொடங்கும் நேரத்தில் யாரிடம் போயிருக்கிறாரோ, அவருக்கே பெயர் போகும். எண்ணெய் வழித்திருந்தால் எண்ணெய்க்குப் பெயர். மாத்திரை தின்றிருந்தால் மாத்திரைக்குப் பெயர். இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவியிருந்தால் அவர் கைக்குப் பெயர். வட இந்தியாவில் கால் முன்னே வரப் பிறந்தவர் உதைத்தால் முதுகுப் பிடிப்பு போகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அங்கே பெயர் அவருடைய காலுக்கு!

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

ஆகவே “எனக்குக் குணமானது” என்று ஒருவர் சொன்னால் அது பொய் அல்ல. ஆனால் அந்த வைத்தியத்தால்தான் குணமானதா என்று கேட்க வேண்டும். ஒன்றும் செய்யாதவர்களுக்கு எத்தனை நாளில் ஆறியது? கால் கோணிப்போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் திடலுக்கு வந்து தங்கள் கதையைச் சொல்வதில்லை.

இந்தக் கேள்வி நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் அல்ல. ஆங்கில மருத்துவத்துக்கும் உண்டு. அடிபட்டால் ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் எழுதினார். உலகம் முழுவதும் அது பரவியது. 2014-இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதமாக்கலாம் என்று எழுதினார். தவறு தெரிந்தால் திருத்திக்கொள்வதுதான் அறிவியல்.

கட்டு நல்லதா, கெட்டதா?

ஆந்திர மாநிலத்தில் உள்ள புத்தூர் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை ஆகியவற்றை வைத்துக் கட்டுவார்கள். பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் அங்கே போகிறார்கள்.

விலகாத முறிவை அசையாமல் வைத்திருந்தால் எலும்பு தானே கூடும். மூங்கில் பத்தை அந்த வேலையைச் செய்கிறது. மருத்துவமனையின் மாவுக்கட்டும் அதையே செய்கிறது. ஆனால் எலும்பு விலகியிருந்தாலும், மூட்டுக்குள் முறிந்திருந்தாலும் படம் பார்க்காமல் கட்டுவது ஆபத்து. எலும்பு கோணலாகக் கூடிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கட்டு இறுகுவது. வீக்கம் கூடக் கூடக் கட்டு நெருக்கும். ரத்த ஓட்டம் நின்றுவிடும். சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும். காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இறுக்கமான கட்டால் கையையோ காலையோ இழந்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

யார் போட்ட கட்டாக இருந்தாலும் விரல்களைக் கவனியுங்கள். விரல் மரத்துப்போகிறதா? குளிர்ந்து வெளுக்கிறதா, நீலமாகிறதா? வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா? விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலும், மற்ற அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் கட்டை உடனே தளர்த்த வேண்டும். “மூன்று நாள் பிரிக்கக் கூடாது என்று சொன்னார்கள்” என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த இளைஞர் என்ன செய்தார்?

நண்பர்கள் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். மருத்துவர் எலும்பை அழுத்திப் பார்த்தார். எலும்பின் மேல் வலி இல்லை. நொண்டி நொண்டி நான்கு அடி நடந்தார். “சுளுக்குதான்” என்றார் மருத்துவர்.

வலி தீர, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் வைக்கலாம். பனிக்கட்டி இல்லாவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். கிரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றலாம். படுக்கும்போது தலையணை மேல் காலை உயர்த்தி வைக்கலாம். இரண்டு நாள் கழித்து வலி பொறுக்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். மெல்ல நடக்க வேண்டும். பிறகு சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று பழக வேண்டும். இந்தப் பயிற்சி, அதே கால் மீண்டும் பிசகுவதைக் குறைக்கும்.

பத்து நாள் அவர் சாரம் ஏறவில்லை. கூலி போனது வருத்தம்தான். ஆறாத காலோடு ஏறி விழுந்திருந்தால் இழப்பு இன்னும் பெரிது. மூன்றாவது வாரம் வேலைக்குப் போனார்.

“யாரிடம் வைத்தியம் பார்த்தாய் தம்பி?” என்று பெரியவர் கேட்டார்.

“கால் தானே ஆறியது ஐயா. நான் அதைக் கெடுக்காமல் இருந்தேன்” என்றார் அவர்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் சுளுக்குக்கு என்னென்ன செய்கிறார்கள்? அவற்றில் தீங்கு இல்லாதது எது? ஆபத்தானது எது?
2. ஒரு வைத்தியத்தால்தான் குணமானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
3. கட்டுப் போட்டவரின் விரல்களில் எதைக் கவனிக்க வேண்டும்?