பாம்பன் கடலின் மூன்று வாழிடங்கள்

அகத்தியமலையின் மேற்குச் சரிவில் பிறக்கும் நெய்யாறு, கள்ளிக்காட்டில் அணைநீராகத் தேங்கி, நெய்யாற்றின்கரையைக் கடந்து, பூவாற்றில் அரபிக்கடலைச் சேர்கிறது. அதே மலையின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவிற் கலக்கிறது. மலை ஒன்றே, கடல்களின் இயல்போ வேறு. பூவாற்றிலும் விழிஞ்ஞத்திலும் கரையை விட்டுச் சிறிது அகன்றாலே ஆழம் கூடிவிடும்; அலையும் ஓயாது. பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்போர்க்கன்றி மற்றவர்க்கு அக்கடலின் அடித்தளம் எளிதில் புலப்படுவதில்லை. பாம்பனைச் சூழ்ந்த கடலோ ஆழம் குறைந்தது. பல இடங்களில் முகத்தை நீரில் வைத்தாலே தரை தெரியும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து இராமேசுவர யாத்திரை செல்லும் வாடிக்கையாளர்கள் பலர். அவர்கள் தீர்த்தமாடித் திரும்பும் அக்கடலின் மறுபக்கத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்டபமும் பாம்பன் தீவும் இரண்டு கடல்களைப் பிரிக்கின்றன. தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் வழக்கில் தென்கடல். வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை தென்கடலில் 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றையும் சுற்றியுள்ள ஆழமற்ற நீரையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

மேலைநாடுகளில் இத்தகைய காப்பகங்களை மக்கள் ‘ஸ்நார்க்கெலிங்’ முறையில் காண்கின்றனர். முகக்கண்ணாடி அணிந்து, வாயில் மூச்சுக்குழலைக் கவ்வி, நீரின் மேற்பரப்பில் குப்புற மிதந்தபடி கீழே நோக்குவது அது. ஆழ்மூழ்கலுக்குரிய காற்றுக்கலம் வேண்டியதில்லை. ஆனால் நமக்கு இது புதுமையன்று. பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்து வருகின்றனர். பாசி மீண்டும் வளர இடைவெளி விட்டு எடுக்கும் ஒழுங்கைத் தாமே வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவர்க்கு 2015-ஆம் ஆண்டின் சீகாலஜி பரிசு கிடைத்தது இதனாலேயே.

இக்கடலுக்குச் செல்வோர் பெரும்பாலும் பவளத்தை மட்டுமே கேட்கின்றனர். பவளம் மூன்றாம் வாழிடம். முதலிரண்டையும் காணாதவர்க்கு அது அழகான பொருளாகத் தோன்றுமேயன்றி, எதனால் உயிர்த்திருக்கிறது என்பது விளங்காது.

முதல் வாழிடம் அலையாத்திக் காடு. தொண்டிக்கு அருகே, பாக் விரிகுடாக் கரையிலுள்ள காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் இணைந்து படகுச் சவாரி நடத்துகின்றனர். சேற்றிலிருந்து விரல்கள்போல் நிமிர்ந்து நிற்பவை அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள். நீர் கலங்கலாக இருப்பதால் இங்கு மூழ்கிக் காண்பதைவிடப் படகிலிருந்து காண்பதே நன்று. இக்கலங்கலே இறால், மடவை, கொடுவா ஆகியவற்றின் குஞ்சுகளுக்கு மறைவிடம்; பெரிய மீன் வேர்களுக்கிடையே நுழைய இயலாது.

இரண்டாவது கடற்புல் வெளி. இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள பிரப்பன்வலசைக் கடலில், இடுப்பளவு நீரிலேயே இதனைக் காணலாம். முதற்பார்வையில் ஏமாற்றமளிக்கும் காட்சி: பச்சை வெளி, ஆடும் இலைகள், வேறொன்றுமில்லை. ஐந்து நிமிடம் அசையாது மிதந்தால் வெளி உயிர்பெறும். இலையென எண்ணியது கடற்குதிரையாயிருக்கும். மண்ணென எண்ணியது திருக்கையாயிருக்கும். ஓரா மீன்கள் கூட்டமாக மேய்ந்து செல்லும்.

கடற்புல்லைப் பாசியெனக் கருதுவது தவறு. இதற்கு வேர் உண்டு, பூ உண்டு. மகரந்தம் நீர்வழியே பரவுகிறது. வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. இலைகள் கலங்கலை வடிகட்டித் தெளிந்த நீரைப் பவளத்துக்கு விடுகின்றன. மீனவர் ‘ஆவுளியா’ என்றழைக்கும் கடற்பசு முழுக்க இப்புல்லை நம்பியே வாழ்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரை தின்னும். அதனைக் காக்கவே 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவைக் காணும் ஆவலுடன் செல்லவேண்டா; அது மனிதரைக் கண்டால் விலகும். அது மேய்ந்த தடம், புல்லிடையே வகிடு எடுத்ததுபோல் நீண்டு கிடப்பதைக் கண்டாலே பெரும் பேறு.

விளமீன் இளமையில் இப்புல்வெளியில் வளர்ந்து, பருத்தபின் பவளப்பாறைக்குச் செல்வது. நம் சந்தையில் விற்கும் விளமீனின் விலையில் இப்புல்லுக்கும் பங்குண்டு.

மூன்றாவது பவளப்பாறை. தென்கடல் தீவுகளைச் சுற்றி மட்டுமன்றி, வடகடலிலும் மண்டபம் முதல் இராமேசுவரம் வரை கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் ஒரு பவளப்பட்டை ஓடுகிறது. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 பவள இனங்கள் பதிவாகியுள்ளன. மான்கொம்புபோல் கிளைத்தவை, மூளைபோல் மடிந்தவை, மேசைபோல் விரிந்தவை எனப் பல. கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டிப் பாசியை உண்டு, சுண்ணத்தை மணலாக வெளியேற்றும். நீருக்குள் அக்கறுமுறு ஓசை தெளிவாகக் கேட்கும். தீவுகளின் வெண்மணலில் ஒரு பகுதி இவ்வாறு உண்டானதே.

பவளம் கல்லன்று, நுண்ணிய உயிர்களின் குடியிருப்பு. அவ்வுயிர்களின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. கோடையில் நீரின் வெப்பம் 30 பாகையைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும்; இன்றேல் மடியும். 2016-இல் அவ்வாறு நேர்ந்தபோது மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது. முதலில் மடிந்தவற்றுள் மான்கொம்புப் பவளம் ஒன்று. உருண்டு திரண்டவை பெரிதும் தப்பின.

வெப்பத்துக்கு முன்பே மனிதர் செய்த கேடு உண்டு. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தனர். வட்டியை விட்டு முதலையே செலவழித்த கணக்கு அது. பாறை குறைந்ததும் அலை நேரே தீவைத் தாக்கியது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. காரியாசல்லி 1969-இல் ஏறத்தாழ 21 ஹெக்டேர் இருந்தது. 2018-இல் 6 ஹெக்டேர்கூட இல்லை. தேய்ந்துவந்த வான் தீவின் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்கியபின் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. இத்தீவுகளுக்குப் பின்னே இருப்பவை மீனவர் ஊர்கள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

செல்ல விரும்புவோர் அறியவேண்டியவை சில. தேசியப் பூங்காவுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைதல் கூடாது. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு உண்டு. 1897-இல் விவேகானந்தர் தாயகம் திரும்பிக் கரையிறங்கியதும் அவ்விடமே. நீரில் இறங்குவதாயின் வடகடல் பக்கமே ஏற்றது. பயிற்றுநருடனும் உயிர்காப்பு அங்கியுடனும் மட்டும் இறங்குக. முகக்கண்ணாடியை வாரின்றி முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்துப் பாருங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. நீருக்குள் யாவும் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் அருகிலும் தோன்றும். கைக்கெட்டும் எனத் தோன்றுவது எட்டாது. களைப்புற்றால் காலை மணலில் மட்டும் ஊன்றுக, பவளத்தின் மேல் வேண்டா. வெயிற்களிம்புகளிலுள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்துக்கு ஊறு செய்பவை. முழுக்கைச் சட்டையே போதும்.

கரையில் யாரேனும் பவளத்துண்டை நினைவுப்பொருளாக விற்க வந்தால் வாங்கற்க. 2001 முதல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வைத்திருப்பதே குற்றம், தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

காலமும் பார்க்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். எந்த மாதமாயினும் காற்றெழுமுன் காலைப்பொழுதே நீர் தெளிவாயிருக்கும்.