"டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு ஒரு நாடக ரசிகரின் கணக்கு

கோலாலம்பூர்: "டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம்." "பாஸ் ஏதாவது கிடைக்குமா?"

நம் சமூகத்தில் ஒரு மேடை நாடகம் நடக்கப் போகிறது என்றால் புலனக் குழுக்களில் முதலில் வரும் பேச்சு இந்த இரண்டும்தான். நாடகம் எதைப் பற்றியது, யார் எழுதியது, யார் நடிக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பேச்சு ஒரு நாடகத்தை என்ன செய்கிறது என்று கேட்க, கிள்ளானில் வசிக்கும் 67 வயது நாடக ரசிகர் ஒருவரைச் சந்தித்தேன். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு நாடகமாவது பார்த்துவிடுவார். தமிழ் நாடகம் இல்லாத மாதத்தில் மலாய், ஆங்கில நாடகங்களுக்குப் போவார். பார்த்த நாடகங்களின் டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். இப்போது டிக்கெட் கைப்பேசியில் வந்துவிடுவதால், அதையும் கடையில் கொடுத்துத் தாளில் எடுத்துக்கொள்கிறார்.

"பெயரைப் போடாதேம்மா. போட்டால் நாளைக்கே யாராவது இலவச பாஸ் கொண்டு வந்து கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வேண்டாம் என்று சொல்ல முடியாது," என்றார் சிரித்துக்கொண்டே.

தோட்டத்து நாடகம் சும்மாவா?

அவர் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் விடிய விடிய நாடகம் நடக்கும். பிள்ளைகள் மாலையிலேயே சாக்கை விரித்து முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவார்கள். காலையில் பால்மரம் சீவியவர் இரவில் அரிச்சந்திரன். அவர் உட்காரும் சிம்மாசனம் கிராணி வீட்டு நாற்காலி.

"இப்போது நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? 'அந்தக் காலத்தில் சும்மா பார்த்தோம், இப்போது 40 வெள்ளி கேட்கிறான்' என்கிறார்கள். யார் சும்மா பார்த்தது? என் அப்பா திருவிழா வரி கட்டினார். சம்பள நாளன்று கோயில் கமிட்டி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அதுவும் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பே. அந்தக் காசில்தான் வேஷத் துணி, விளக்கு, மைக்செட்டு எல்லாம் வந்தது. பிள்ளைகளுக்குத்தான் அது சும்மா."

யோசித்துப் பார்த்தால், அந்தத் திருவிழா வரி முன்கூட்டியே வாங்கிய டிக்கெட்தான். நாடகம் பார்க்கிறவரும் கட்டினார், பார்க்காமல் தூங்கப் போகிறவரும் கட்டினார். கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நாடகக்காரர்கள் ஒத்திகையைத் தொடங்கினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, நாம் பட்டணத்துக்கு வந்தபோது அந்த வரி நின்றுவிட்டது. 'சும்மா பார்த்தோம்' என்ற நினைவு மட்டும் கூடவே வந்துவிட்டது.

கலைக்கு யாராவது ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்துக்குச் சோழ மன்னன் 1,008 கழஞ்சு பொன் கொடுத்தான் என்று படித்திருக்கிறோம். மலாயாவிலும் டிக்கெட் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில் பிறந்த மலாய் 'பங்சாவான்' நாடகம், ஊர் ஊராகப் போய் டிக்கெட் விற்றே வாழ்ந்தது. மன்னன், கோயில் கமிட்டி இருவரின் இடத்திலும் இன்று இருப்பது டிக்கெட் வாங்குகிறவர்தான்.

190 இருக்கைகளின் கணக்கு

செந்தூலில் இருக்கும் கேஎல்பேக் எனப்படும் கோலாலம்பூர் மேடைக்கலை மையத்தை எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த மையம், பழைய ரயில்வே கட்டடம் ஒன்றைப் புதுப்பித்துக் கட்டப்பட்டது. செந்தூல் ரயில்வே பட்டறையில் நம் முன்னோர் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அங்குள்ள பெரிய அரங்கில் சுமார் 500 பேரும், சிறிய அரங்கில் சுமார் 190 பேரும் உட்காரலாம்.

190 இருக்கைகள் உள்ள ஓர் அரங்கில் ஒரு குழு மூன்று காட்சிகள் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 570 இருக்கைகள். டிக்கெட் விலை 40 வெள்ளி. எல்லாம் விற்றுத் தீர்ந்தால் 22,800 வெள்ளி. பாதி விற்றால் 11,400 வெள்ளி. காட்சிக்கு 20 பாஸ் என்று தெரிந்தவர்களுக்குக் கொடுத்தால், அதிலேயே 2,400 வெள்ளி போய்விடும்.

செலவோ பாதியாகக் குறைவதில்லை. அரங்க வாடகை, விளக்கு, ஒலி, ஒத்திகை இடம், உடை, மேடை அமைப்பு, அச்சு எல்லாம் 190 பேர் வந்தாலும் ஒன்றுதான், 19 பேர் வந்தாலும் ஒன்றுதான். அரங்கத்துக்கு முன்பணம் பல மாதங்களுக்கு முன்பே கட்டியாக வேண்டும். நடிகர்களுக்குக் கொடுப்பதுதான் கடைசி. காசு குறைந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்குக் கழிவு கொடுப்பது ஏன் என்பதும் இங்கே விளங்கும். சீக்கிரம் வருகிற காசு மேடைக்குப் போகும். நாடகத்தன்று வாசலில் வருகிற காசு கடனை அடைக்கத்தான் உதவும்.

வரி விஷயத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி கோலாலம்பூரில் மேடை நிகழ்ச்சிகளுக்குக் கேளிக்கை வரி உண்டு. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், கூட்டரசுப் பிரதேசங்களில் உள்ளூர்க் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்கு அதிலிருந்து முழு விலக்கு அறிவிக்கப்பட்டது. மற்ற இடங்களில் அந்தந்த மாநில விதிமுறைதான்.

நடக்காத நாடகம்

டின்னிலிருந்து ஒரு டிக்கெட்டைத் தனியாக எடுத்துக் காட்டினார். மற்றவை கசங்கியிருக்க, அது மட்டும் மடிப்புக்கூட இல்லாமல் இருந்தது.

"இது நடக்காத நாடகம். சின்னப் பிள்ளைகள், புதுக் குழு. தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பத்தின் கதை என்று போட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன். நாடகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்தப் பையனே கூப்பிட்டான். 'ஐயா, இருபது சொச்சம் டிக்கெட்தான் போயிருக்கிறது. நிறுத்துகிறோம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்' என்றான். அவன் குரலே சரியில்லை. பிறகு ஒருநாள் பார்த்தபோது சொன்னான், 'நிறுத்திவிட்டோம் என்று அறிவித்த பிறகுதான் ஐயா நிறைய பேர் அழைத்தார்கள். வாசலில் வாங்கலாம் என்று இருந்தோமே என்றார்கள்' என்று."

அந்தக் குழு அதற்குப் பிறகு நாடகம் போடவில்லை.

"வாசலில் வாங்க நினைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வர வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அவர்கள் மனத்தில் நினைத்தது அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?"

எங்கே உட்காரலாம், எப்படி வாங்கலாம்?

முதல் வரிசைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம் என்பது அவருடைய கருத்து. மேடை உயரமாக இருந்தால் கழுத்து வலிக்கும், நடிகரின் காலும் தெரியாது. நடுவில் ஐந்தாம் வரிசையிலிருந்து எட்டாம் வரிசை வரை நல்லது. சிறிய அரங்கில் மலிவான ஓர இருக்கையும் மோசமில்லை, காசை மிச்சப்படுத்தலாம். 1,400 பேருக்கு மேல் உட்காரும் இஸ்தானா புடாயா போன்ற பெரிய அரங்கில் மாடி இருக்கை வாங்கினால், நடிகரின் முகம் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அங்கே உடைக் கட்டுப்பாடும் உண்டு. அரைக்கால் சட்டை, சிலிப்பரோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

சின்னப் பிள்ளைகளை அனுமதிக்கும் வயது அரங்குக்கு அரங்கு மாறும். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் பல நாடகங்களில் விலை குறைவு. கேட்டால்தான் கிடைக்கும். பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் குழுக் கழிவும் கிடைக்கலாம்.

இணையத்தில் வாங்கும்போது கடைசிப் பக்கத்தில் முன்பதிவுக் கட்டணம் என்று ஒன்று சேரும். அது டிக்கெட் விற்கும் நிறுவனத்துக்குப் போகிற காசு. சிறிய தமிழ்க் குழுக்கள் சிலவேளை நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வதுண்டு. அப்போது குழுவின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்த பிறகே அனுப்புங்கள். புலனத்தில் யாரோ பகிர்ந்த சுவரொட்டியை மட்டும் நம்ப வேண்டாம். பணம் கட்டிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாடகம் நின்றால் பணத்தைத் திரும்பப் பெற அதுதான் ஆதாரம்.

காத்திருப்பது யார்?

டிக்கெட் வாங்காத மக்களை மட்டும் அவர் குறை சொல்லவில்லை. நாடகக் குழுக்கள் மீதும் அவருக்குக் கோபம் உண்டு.

"ஒரு நாடகம். ஏழரைக்கு என்று போட்டிருந்தது. பிரமுகர் வரவில்லை என்று எட்டரை வரை உட்கார வைத்தார்கள். வந்த பிறகு மாலை, பொன்னாடை, உரை. ஒன்பதேகாலுக்குத்தான் திரை விலகியது. நான் கேடிஎம் ரயிலில் வருகிறவன். கேஎல் சென்ட்ரலில் மாறி கிள்ளானுக்குப் போக வேண்டும். கடைசி ரயிலைப் பிடிக்க, நாடகம் முடிவதற்கு முன்பே எழுந்து வந்தேன். அந்தக் கதை எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியாது. டிக்கெட் வாங்கியவன் காத்திருந்தான், பாஸில் வந்தவருக்காக."

மக்கள் காசு கொடுத்து வர வேண்டும் என்றால், காசு கொடுத்தவருக்கு மரியாதை வேண்டும் என்கிறார். சொன்ன நேரத்தில் தொடங்குங்கள், உரைகளை இடைவேளைக்கோ கடைசிக்கோ தள்ளுங்கள், நாடகம் எவ்வளவு நேரம் என்பதை டிக்கெட்டிலேயே போடுங்கள் என்பவை அவருடைய மூன்று கோரிக்கைகள்.

கதை பற்றியும் அவருக்கு ஓர் ஆதங்கம் இருக்கிறது. கெடா, பீடோங்கைச் சேர்ந்த கே.எஸ். மணியம் தோட்டத்து வாழ்க்கையை வைத்து எழுதிய 'தி கார்ட்' நாடகம் 1980களிலேயே ஆங்கிலத்தில் மேடையேறியது. "நம் கதையை ஆங்கிலத்தில் பார்க்க ஆட்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். அதே கதையைத் தமிழில் போட்டால் நாம் பாஸ் கேட்கிறோம்," என்றார்.

சிங்கப்பூரில்

அண்டை நாட்டிலும் தமிழ் நாடகம் கூட்டத்துக்காகப் போராடத்தான் செய்கிறது. 1988இல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழு போன்றவை அங்கே தொடர்ந்து மேடையேறி வருகின்றன. தமிழ் சரளமாகப் புரியாத இளையோருக்காக மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடவிடுவதும் உண்டு. 2025இல் சிங்கப்பூர் அரசாங்கம் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி மதிப்புள்ள 'எஸ்ஜி கல்ச்சர் பாஸ்' சலுகையை வழங்கியது. உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கேயும் பணம் நேராகக் குழுவின் கைக்குப் போகவில்லை. மக்கள் நாடகத்தைத் தேர்ந்தெடுத்து டிக்கெட் எடுத்தால்தான் அந்தச் சலுகை குழுவுக்குப் போய்ச் சேரும்.

ஒரு கேள்வி

பேசி முடித்துக் கிளம்பும்போது அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீ கடைசியாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியது எப்போம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த காலத்தில் விரிவுரையாளர் கொடுத்த பாஸில் போனேன். வேலைக்கு வந்த பிறகு செய்தியாளர் அனுமதியில் போகிறேன். நாடகத்தைப் பற்றி எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். ஓர் இருக்கைக்கும் காசு கொடுத்ததில்லை.

அன்று இரவே அடுத்த மாதம் நடக்கவிருக்கும் ஒரு தமிழ் நாடகத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஒன்று எனக்கு. இன்னொன்று, தோட்டத்தை விட்டு வந்த பிறகு மேடை நாடகமே பார்க்காத என் அம்மாவுக்கு.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"ஏன், பாஸ் கிடைக்கலையா?"