ரங்கூன் மல்லி: ஒரு கொடியிலிருந்து புதுக்கன்று எடுப்பது எப்படி? சுவர் ஓரம் நடும் முன் இதைப் படிங்க!

சாயங்காலம் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கப்புறம் நல்ல சிவப்பாக மாறும் பூ. ஒரே கொத்தில் மூன்று நிறமும் சேர்ந்து தொங்கும். கேட்டுக்கு மேலே வளைவாகப் படர்ந்து நிற்கும் ரங்கூன் மல்லியைப் பார்க்காதவர்கள் குறைவு. தெரிந்தவர் வீட்டில் இந்தக் கொடி இருந்தால் போதும், நர்சரிக்குப் போகவே வேண்டாம்.

ஏன் நிறம் மாறுது?

பூவின் காம்பு மாதிரி தெரிவது உண்மையில் நீளமான குழல். தேன் அதன் அடியில் இருக்கு. இருட்டில் வெள்ளை நிறமும் வாசனையும் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளை இழுக்கும். நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீயும் தேன்சிட்டும் வரும். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் வீட்டுத் தோட்டத்தில் இது காய்ப்பது அபூர்வம். அதனால் விதையை நம்ப முடியாது.

கன்று எடுக்க என்ன செய்யணும்?

பதியம்தான் நம்பகமான வழி. தரையோரம் வளையக்கூடிய, பென்சில் கனமுள்ள ஒரு கொடியைத் தேர்ந்தெடுங்கள். கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவுங்கள். அந்த இடத்தை மண் நிரப்பிய தொட்டியில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். மண் காயக் கூடாது, சேறாகவும் கூடாது. சுமார் இரண்டு மாதம் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் வேர் பிடித்துவிட்டது, தாய்க்கொடியிலிருந்து வெட்டிவிடலாம். குச்சி வெட்டி நட்டாலும் வரும், ஆனால் பாதி காய்ந்து போகும். மழைக்காலத்தில் முயற்சி செய்யலாம்.

அதைவிடச் சுலபம், தாய்ச்செடியைச் சுற்றி வேரிலிருந்து முளைக்கும் கன்றுகள். வேரோடு தோண்டி நட்டால் வேலை முடிஞ்சது.

நட்ட புதிதில் இது புதர் மாதிரிதான் நிற்கும். "கொடின்னு சொல்லி ஏமாத்திட்டாங்களோ" என்று தோணும். இதன் பழைய தாவரவியல் பெயர் குயிஸ்குவாலிஸ். லத்தீனில் "யார்? எப்படிப்பட்டது?" என்று அர்த்தம். பேர் வைத்தவருக்கும் அதே குழப்பம்தான்! கொஞ்சம் பொறுத்தால் நீளமான தளிர்களை விட்டு ஏறத் தொடங்கும்.

பூக்கலையா?

முதலில் வெயிலைப் பாருங்கள். நிழலில் இலைதான் வரும். யூரியா அதிகமானாலும் அதே கதை. பூ புதுத்தளிரின் நுனியில் வருவதால், ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் கத்தரிக்கணும். மொட்டு கட்டும் நேரத்தில் வெட்டினால் அந்தச் சுற்றுப் பூ போச்சு.

எங்கே நடக் கூடாது?

வேர்க்கன்று சுலபமாக வருவதுதான் பிரச்சினையும். கவனிக்காமல் விட்டால் காம்பவுண்ட் தாண்டிப் பக்கத்து வீட்டிலும் முளைக்கும். தண்டு கட்டையாகத் தடிக்கும், இலை உதிர்ந்த காம்புகள் முள்ளாக மாறிப் பிடித்து ஏறும். கயிறெல்லாம் இந்தக் கனத்தைத் தாங்காது, இரும்புப் பந்தல் போடுங்கள். முக்கியமாக, வீட்டுக்கு வரும் மின்கம்பிக்குக் கீழே நடவே வேண்டாம். ஏற்கெனவே கம்பியைச் சுற்றிவிட்டதா? அரிவாளோ தொரட்டியோ எடுத்துக்கொண்டு நீங்களே ஏறாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகுதான் வெட்டணும்.