இடுப்பு வலிக்கு எந்த மெத்தை வாங்கலாம்?



மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு ஆரம்பித்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் பேச்சோடு இடுப்பு வலிப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். காலையில் சேற்றில் இறங்கினால் மதியம் வரை குனிந்த முதுகு நிமிராது. சம்பா நடவு, களை எடுப்பு என்று அது ஐப்பசி வரை நீளும். "ராத்திரி படுத்தா திரும்பிப் படுக்க முடியல, காலைல எந்திரிக்கவே பத்து நிமிஷம் ஆவுது" என்று சொல்லாத குழு இல்லை. இந்த வலியைக் காரணம் காட்டி மெத்தை வாங்க உள்கடன் கேட்பதும் இப்போது நடக்கிறது. கேட்கிற தொகை சின்னத் தொகை இல்லை. அதனால் கடன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மெத்தையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

"மேடம், கட்டாந்தரையில படுத்தா வலி போயிடும்னு மாமியா சொல்றாங்க, உண்மையா?" இதுதான் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. டாக்டர்களே பல காலம் பலகை மாதிரி கெட்டியான படுக்கைதான் நல்லது என்று சொல்லிவந்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஸ்பெயின் நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் இன்னொரு பிரிவுக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று படுத்தவர்களுக்கும் சொல்லவில்லை, வலியைக் கணக்கெடுத்தவர்களுக்கும் சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலுமே வலி குறைந்திருந்தது. ஆனால் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குப் படுக்கையில் இருக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. 2003-ல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. அவர்கள் கட்டில் மெத்தையில் படுத்துப் பழகியவர்கள், நம்மைப் போலப் பாயில் படுப்பவர்கள் இல்லை. அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாயில் படுத்து வலி இல்லாமல் எழுந்திருக்கிற உறுப்பினர் மெத்தைக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை.

நடுத்தரம் ஏன் நல்லது? ஒருக்களித்துப் படுத்தால் நம் உடம்பில் தோளும் இடுப்பு எலும்பும்தான் துருத்திக்கொண்டு நிற்கும். தரை அந்த இரண்டு இடத்தையும் அழுத்தும், நடுவில் இடை அந்தரத்தில் தொங்கும். ராத்திரி முழுக்க அந்தத் தசைக்கு ஓய்வு கிடைக்காது. ரொம்ப மெத்தென்று இருந்தாலோ, தூளியில் போட்ட பிள்ளை மாதிரி இடுப்பு உள்ளே போய் முதுகு வளைந்துவிடும். தொய்ந்த நாடாக் கட்டிலில் படுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், இடைக்குத் தாங்கல் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்துக்கொண்டு, இடுப்பின் வளைவுக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் படுக்கை உங்களுக்குக் கெட்டி. கையை நுழைக்கவே முடியாவிட்டால் ரொம்ப மெது. லேசாக உரசிக்கொண்டு போனால் சரியாக இருக்கிறது. கடையிலும் இதே மாதிரி படுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கையால் அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடையில் படுக்க வெட்கமாகத்தான் இருக்கும், கூட ஒரு உறுப்பினரை அழைத்துப் போங்கள். உடம்பு கனத்தவருக்குச் சற்றுக் கெட்டியாகவும், மெலிந்தவருக்குச் சற்று மெதுவாகவும் தேவைப்படும். அக்காவுக்குச் சரியாக இருந்தது என்று தங்கைக்கும் அதையே வாங்கக் கூடாது.

இனி வகைகள். இலவம் பஞ்சு மெத்தை நமக்குப் பழகியது, சூடு ஏறாது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் பக்கம் இதற்குப் பேர்போனது. நாளாக ஆக பஞ்சு கட்டிதட்டி நடுவில் பள்ளம் விழும். பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி தைத்து வாங்கினால் பழைய மெத்தையே புதுசு மாதிரி ஆகிவிடும். ஈரம் மட்டும் படக் கூடாது, அடிக்கடி வெயிலில் காயவைக்க வேண்டும். தென்னை நார் மெத்தை, கடையில் 'காயர் மெத்தை' என்பார்கள். நம் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தேங்காய் மட்டையில் எடுக்கிறோமே, அந்த மாதிரி நாரில் ரப்பர் பால் சேர்த்துச் செய்வது. இது கெட்டி ரகம். மேலே ஒரு அங்குலம் நுரை வைத்துத் தைத்ததாக வாங்கினால் நடுத்தரமாக இருக்கும். பஞ்சு மெத்தை மாதிரி இதைக் கொளுத்தும் வெயிலில் போட்டுவிடாதீர்கள், ரப்பர் பொடிந்துபோகும். நிழலில் காற்றாட வைத்தால் போதும். நுரை மெத்தை என்றால் 'டென்சிட்டி எவ்வளவு' என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்பதுதான் அந்தக் கணக்கு. 32, 40 என்று சொல்வார்கள். எண் குறைந்தது விலையும் குறைவு, சீக்கிரம் பள்ளமும் விழும். சித்திரை வெயிலில் நுரை சூடும்.

'ஆர்த்தோ' என்று மேலே எழுதியிருப்பது விற்பனைக்கு வைத்த பெயர். அதைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இதைவிட மோசம் காந்த மெத்தை. ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேல் விலை வைத்து நம் மாநிலத்தில் விற்றிருக்கிறார்கள். காந்தம் வலியைக் குறைக்கிறதா என்று நடந்த பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2007-ல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழ் கட்டுரை வெளியிட்டது. குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதற்குக் கடன் கேட்டு மனு வந்தால் உறவு பார்க்காமல் மறுத்துவிடுங்கள் என்பது எங்கள் கருத்து.

வாசலுக்கு வரும் தவணைக்காரரிடம் வாங்குவதானால் முதலில் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ரொக்கத்துக்கு 12,000 ரூபாய் மெத்தை. மாதம் 900 வீதம் 24 மாதம் என்று அவர் சொன்னால் மொத்தம் 21,600. அதே 12,000-த்தை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் குழுவில் வாங்கி, மாதம் 1,200 அசல் கட்டினால் பத்து மாதத்தில் முடிந்துவிடும், வட்டி மொத்தம் 660 ரூபாய்தான். எங்கே வாங்கினாலும் பில் கட்டாயம். பில் இருந்தால்தான் மெத்தை சீக்கிரம் பள்ளம் விழுந்தாலும் கேள்வி கேட்க முடியும். நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் கடனே இல்லாமல் முதலில் செய்து பார்க்க வேண்டியது உண்டு. கட்டில் தொய்ந்திருந்தால் மெத்தைக்கு அடியில் பலகை போடுங்கள். தரையில் படுப்பவர்கள் கோரைப்பாய் மேல் ஜமக்காளத்தையும், பழைய பருத்திச் சேலைகளை நாலைந்தாக மடித்துத் தைத்த விரிப்பையும் போட்டுப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை, மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் ஒன்று. பத்து நாள் இப்படிப் படுத்து வலி குறைந்தால் 12,000 மிச்சம். எழுந்திருக்கும்போது மல்லாந்த வாக்கில் சடக்கென்று எழாமல், பக்கவாட்டில் திரும்பி கையை ஊன்றி எழுந்திருங்கள். முட்டி வலியும் உள்ள பெரியம்மாக்களுக்குத் தரையை விடக் கட்டில்தான் சௌகரியம்.

வலி வருவது பகலில், வயலில். மெத்தை ராத்திரிக்கு மட்டும்தான். நடவின்போது அரை மணிக்கு ஒருதரம் நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்பக்கம் வளைந்து நில்லுங்கள். மேஸ்திரி முறைத்தால் எல்லோரும் சேர்ந்தே நிமிருங்கள்! 'ராஜராஜன் 1000' என்று நம் அரசு பெயர் வைத்த திருந்திய நெல் சாகுபடியில் நின்றுகொண்டே தள்ளும் உருளைக் களைக்கருவி உண்டு. களை எடுப்பிலாவது அது குனியும் வேலையைக் குறைக்கும். வலி என்று நாள்கணக்கில் படுத்தே கிடப்பதும் கூடாது, தசை இறுகி வலி கூடும். முடிந்த மட்டும் நடமாட வேண்டும்.

எந்த மெத்தையும் தீர்க்காத வலிகளும் இருக்கின்றன. வலி புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கி மரத்துப்போவது, காய்ச்சலோடு வருவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, விழுந்த பிறகு வருவது, மாதவிலக்கு நின்றவர்களுக்குப் புதிதாக வருவது, இவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியாக வேண்டும். சிறுநீரில் எரிச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை இறங்கியிருப்பது போன்றவற்றிலும் இடுப்பு வலி வரும். வெட்கப்பட்டு மறைக்காமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. அதன் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான், உங்கள் ஊரில் யார் என்று விசாரித்துவையுங்கள். கால் திடீரென்று பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கழிந்தாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.