காரை இறக்கும் முன் பில்லைக் கேளுங்கள்

"அண்ணே, எண்பதைத் தாண்டுனா வண்டி அலையுதுண்ணே." எட்டுப் பத்து வருடம் ஓடிய காரை வாங்கியவர் பட்டறையில் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான். திண்டுக்கல் பக்கம் அது சீக்கிரமே தெரிந்துவிடும். கரூரிலிருந்து மதுரைக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியைத் தாண்ட ஸ்டியரிங்கை ஒடித்தால், கார் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பும். திரும்பியதும் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி அடங்கும். வேடசந்தூர், செம்பட்டி பக்கத்துக் கிராமச் சாலைகளில் வேகத்தடைக்கு வேகத்தடை "டொக்" என்று ஒரு சத்தம்.

இதற்கு ஊரில் கிடைக்கும் மலிவு வைத்தியம் மூன்று: ஸ்பிரிங்கை அறுத்துக் காரை இறக்குவது, ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவது, அகலமான டயர் போடுவது. மூன்றுமே நோயை விட்டுவிட்டு வேறெதையோ குணப்படுத்துபவை. சில ஆயிரம் ரூபாயில் காரின் பிடிமானத்தை உண்மையிலேயே கூட்ட முடியும். அதற்குப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை, தேய்ந்து போனதை நிறுவனம் கொடுத்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். சட்டமும் இன்சூரன்ஸும் நம் பக்கம் நிற்பதும் அந்த வழியில் போனால்தான்.

முதலில் டயரைப் பாருங்கள், காசு செலவில்லை. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். பட்டனின் (ட்ரெட்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரில் கார் ஓட்டுவது மோட்டார் வாகன விதிகளின்படியே குற்றம். ஓரச்சுவரில் இருக்கும் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்ட டயரில் எந்த சஸ்பென்ஷனும் பிடிக்காது.

அடுத்து காரை ஜாக்கில் ஏற்றச் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் சட்டத்துக்கும் இடையே மெக்கானிக் ஒரு லீவரைக் கொடுத்து நெம்பட்டும். நல்ல புஷ் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பும். வெடித்த புஷ்ஷில் ரப்பர் வாய் பிளப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுப்பதற்கும் அந்த "டொக்" சத்தத்துக்கும் அதுவோ, பால் ஜாயிண்டோ, ஸ்டெபிலைசர் லிங்க் ராடோ காரணமாக இருக்கலாம். ஷாக்கின் உடம்பில் தூசி படிந்த லேசான ஈரம் இருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் வழிந்து இறங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான், அதுவும் ஜோடியாக. புஷ், ஜாயிண்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகே அலைன்மென்ட். ஆடுகிற புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது காசைக் கரியாக்குவது. மெஷின் தரும் முன்-பின் அளவுத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஸ்பிரிங்கை அறுப்பதற்கு வருவோம். பார்க்கக் கெத்தாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும்: வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றரைச் சுற்றை அறுத்தால் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பழைய ஷாக்கால் அந்த ஸ்பிரிங்கை அடக்க முடியாது. கார் இறுகுவதற்குப் பதிலாகத் துள்ளும். கேஸ் கட்டரில் அறுத்தால் அந்தச் சூட்டில் எஃகின் பதமே போய்விடும். அறுபட்ட முனை ஸ்பிரிங் உட்காரும் தட்டில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நழுவவும் வாய்ப்பு உண்டு. அதுவும் எந்த இடத்தில்? பெரும்பாலும் வளைவிலோ பள்ளத்திலோ, ஸ்டியரிங் கைக்குள் இருந்தே தீரவேண்டிய நேரத்தில்.

பஃபர் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. குலதெய்வம் கோயிலுக்குப் போகிறபோது பின்சீட்டில் நான்கு பேர், டிக்கியில் பாத்திரம் பண்டம் என்று ஏற்றுகிறவர்கள் விரும்பிப் போடுகிறார்கள். பின்பக்கம் உட்காராது, அவ்வளவுதான். பிடிமானம் கூடாது. பழைய ஆம்னி போன்ற வண்டிகளில், பின்பாரம் எவ்வளவு என்பதைக் கார் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே கணித்து, அதற்கேற்பப் பின்பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் வால்வு ஒன்று உண்டு. பாரம் ஏற்றியும் பின்பக்கம் இறங்காவிட்டால் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. நிறுவனம் கொடுத்த மூல அமைப்பை மாற்றலாம் என்று இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு தள்ளுபடியானது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தண்டனை உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். "நான்தான் போட்டேன், ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று சொன்ன தம்பி அபராதம் கட்ட வரமாட்டார்.

பயப்பட வேண்டாததும் உண்டு. 'மாற்றம்' என்பதற்கு 52ஆம் பிரிவே விளக்கம் தருகிறது: வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் அமைப்பை மாற்றுவது. அதே அளவு, அதே வகை ஷாக்கை வேறு நல்ல கம்பெனியில் வாங்கிப் போடுவது அதில் வராது, அது பழுதுபார்ப்பு. டயரில் ஒரு படி மேலே போக ஆசைப்பட்டால், உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்ட்டுக்கு நிறுவனமே கொடுத்திருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். இறக்குமதி ஸ்பிரிங் "லீகல்தான் சார்" என்று கடைக்காரர் சொன்னால், அதைப் பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

வெளியே வேலை பார்த்தால் வாரன்டி போய்விடுமா என்ற பயம் பலருக்கு. உதிரிபாகங்களைத் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. வெளிப்பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவில் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் மறுப்பு வந்தால், எந்த வேலையால் எந்தப் பழுது வந்தது என்று எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

கோளாறு உங்களுடையதாக இல்லாமல் தயாரிப்பிலேயே இருக்கவும் கூடும். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் கார்களில் முன் லோயர் ஆர்ம் வெல்டிங் சந்தேகத்துக்கு இடமாக இருந்ததால், 2017இல் தயாரித்த 4,000-க்கும் மேற்பட்ட கார்களை அந்த நிறுவனமே திரும்ப அழைத்துப் பரிசோதித்தது. செலவு செய்யும் முன் உங்கள் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அப்படி ஏதும் அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இருந்தால் வேலை இலவசம்.

இனி பில். "பில் வேண்டாம்னா கம்மி பண்ணித் தர்றேன்" என்ற பேச்சில்தான் போலி ஷாக்கும் போலி பால் ஜாயிண்டும் உள்ளே வருகின்றன. உதிரிபாகங்களின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாக இறங்கிவிட்டதால், பில்லைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கும் தொகையும் முன்போல் இல்லை. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம்-ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். பெட்டியைப் படம் எடுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

வேலை சரியில்லை, பணமும் திரும்பவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் தொடங்கலாம். அதில் தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளைக் கோவையிலோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பழைய பாகத்தை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

விபத்தானால் இன்சூரன்ஸ் சர்வேயர் அறுத்த ஸ்பிரிங்கைப் படம் எடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி உங்கள் காரின் சேதத்துக்கான தொகையை மறுக்கவோ குறைக்கவோ பார்ப்பார்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முறையீடு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். ஒரு ஆண்டுக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை.

எல்லாம் சரியாக வைத்திருந்தும் ஆறு மாதத்தில் புஷ் திரும்பவும் போனால், குற்றம் சாலையிலும் இருக்கலாம். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) அளவுப்படி வட்ட வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊர்களில் பல இடங்களில் ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுப்பி வைத்திருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குச் சொல்லுங்கள். உள்சாலை என்றால் அளவு நாடாவை விரித்துப் படம் எடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.